ஏட்டில் கண்ட வீரனும் திரையில் வந்த வீரனும்

ஒரு கதையை முதலில் படித்து அனுபவித்தவர், பின்னர் அதே கதையைத் திரைப்படமாகக் காணும்போது அடையும் மகிழ்ச்சியும் மனக்குறையும் தனிவகையானவை. கதையை முன்பே அறியாதவர், படம் நன்று என்றோ நன்றாயில்லை என்றோ ஒரு சொல்லில் கூறிவிட்டு எழுந்துபோவார். கதையைப் படித்தவரோ வீடு திரும்பிய பின்னும் வழக்காடிக்கொண்டிருப்பார். "அந்த இடத்தை ஏன் விட்டார்கள்? இவன் அப்படிப் பேசக்கூடியவன் அல்லவே? அந்தக் கருவியை எங்கே காணோம்?" என்று கேட்பார். அந்த வழக்கில் வாதியும் அவரே, சாட்சியும் அவரே. இத்தகைய ரசிகரின் மனநிலையைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம். அதற்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது, பெரியோர் பலர் சிறுபிள்ளை விஷயம் என்று ஒதுக்கிவைக்கும் படக்கதை ஒன்றை. அமெரிக்காவில் பிறந்து, உலகமெல்லாம் திரைப்படமாக வலம்வந்த ஸ்பைடர் மேன் என்னும் சிலந்தி மனிதனின் கதையே அது.

இவ்வகை வழக்கு நமக்குப் புதிதன்று. சித்தூர் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களைக் கண்டவர் இதனை அறிவர். பகலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும். இரவில் அதே பாரதம் தெருக்கூத்தாக ஆடப்படும். பகலில் கேட்ட வீமன் ஒருவன். இரவில் கட்டை கட்டி, முகத்தில் அரிதாரம் பூசி வரும் வீமன் மற்றொருவன். விடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து இவ்விரு வீமர்களையும் ஒப்பிட்டுப் பேசுவார்கள். பிரசங்கியார் சொன்னதற்கு மாறாகக் கூத்தாடி ஓர் அடி வைத்தாலும் அது கணக்கில் வந்துவிடும். அவ்வாறு குறை சொன்ன பெரியவர்களே மறுநாள் இரவும் முதல் வரிசையில் பாய் விரித்து உட்காருவார்கள். கதையின்மேல் உரிமை கொண்டாடுவோரின் இலக்கணம் இதுவே.

நான் வாழும் பாலசமுத்திரம், சித்தூர், திருப்பதி வட்டாரத்தைச் சேர்ந்தது. சமுத்திரம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இப்பகுதியில் பெரும்பாலும் பெரிய ஏரியைக் குறிப்பன. கடலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் வழங்கும் நாடு இது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணியும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. ஆகவே இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நிலை விசித்திரமானது. அவர்கள் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் குடியேறிய தமிழருக்கு எவ்வகைக் கவலை உண்டோ, அதே கவலை பிறந்த ஊரிலேயே இருக்கும் எங்களுக்கும் உண்டு.

அந்தக் கவலை என்ன? பிள்ளைகளின் வாயில் தமிழ் இருக்கிறது, கண்ணில் இல்லை. தாயுடன் தமிழில் பேசும் பிள்ளை பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் எழுதுகிறது. பாட்டி சொன்ன கதை புரிகிறது; பாட்டி எழுதிய கடிதம் புரிவதில்லை. நமது 247 எழுத்துக்களைப் பாடமாக உட்காரவைத்துக் கற்பித்தால் ஒரு மாதத்தில் பிள்ளை சோர்ந்துவிடும். தானே விரும்பித் தமிழ் எழுத்தை நாடுமாறு செய்யவேண்டுமானால் அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு புதையல் இருக்கவேண்டும். எங்கள் தலைமுறைக்குப் படக்கதைகளே அந்தப் புதையலாக அமைந்தன.

முதலில் வந்தது அம்புலிமாமா. 1947-ஆம் ஆண்டு ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே தொடங்கிய பத்திரிகை அது. எங்களைப்போன்ற எல்லைக் குடும்பங்களுக்கென்றே ஏற்பட்டதுபோல், ஒரே சித்திரத்தின் கீழ் ஒரு வீட்டில் தெலுங்கு எழுத்தும் அடுத்த வீட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும். சங்கர் என்னும் ஓவியர் வரைந்த விக்கிரமாதித்தன், தோளில் வேதாளத்தைச் சுமந்து சுடுகாட்டு வழியே நடந்துவரும் காட்சியை மறந்தவர் யார்? அதே நாகிரெட்டியும் சக்கரபாணியும் விஜயா நிறுவனத்தின் வாயிலாகப் பாதாள பைரவி, மாயா பஜார் முதலிய படங்களையும் இரு மொழிகளிலும் அளித்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஏட்டுக் கதைக்கும் திரைக் கதைக்கும் இடையே நமது நாட்டில் சுவர் எழுந்ததே இல்லை.

அம்புலிமாமாவில் கதை தனியாகவும் சித்திரம் தனியாகவும் இருந்தன. கட்டம் கட்டமாக வரைந்து, பேசுவோர் வாயருகே குமிழியிட்டு உரையாடலை எழுதும் கதைகளும் தமிழ்ப் பத்திரிகைகளில் ஆங்காங்கே வந்துகொண்டிருந்தன. அவ்வகைக்கு ஒரு தனிச் சாம்ராஜ்யத்தை ஏற்படுத்தியது சிவகாசி. 1972-ஆம் ஆண்டு ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. சௌந்திரபாண்டியன் அதன் பதிப்பாளர். முல்லை தங்கராசன் அதன் ஆசிரியர். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. வேலூருக்கோ காட்பாடிக்கோ காரியமாகப் போய்வருபவரிடம் காசு கொடுத்தனுப்பி, அவர் திரும்பிவரும் வரையில் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்த பிள்ளைகளில் நானும் ஒருவன்.

மாயாவியின் கதை இதுதான். ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் லூயிஸ் கிராண்டேல் என்பவன் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். ஒரு விபத்தில் பெருமின்சாரம் அவன் உடம்பில் பாய்கிறது. உடனே உடல் முழுவதும் மறைந்துபோகிறது. இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. மின்சாரத்தின் வேகம் அடங்கியதும் உருவம் மீண்டும் தோன்றிவிடும். எனவே அவன் மறையவேண்டிய போதெல்லாம் மின்கம்பியைத் தேடவேண்டும். இந்த ஆற்றல் வந்ததும் அவன் செய்த முதற்காரியம் என்ன? நல்வழியை விட்டுத் தீயவழியில் இறங்கினான். பின்னரே திருந்தி, உளவுப்படையில் சேர்ந்து, தீயோரை எதிர்க்கலானான். 1962-இல் இங்கிலாந்தில் வாலியண்ட் என்னும் வாரப் பத்திரிகையில் பிறந்த கதை இது. அதற்குச் சித்திரம் வரைந்த ஜீசஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். ஸ்பெயினில் ஒருவர் வரைந்து, லண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழ் பேசி, எல்லை கடந்து எங்கள் கைக்கு வந்துசேர்ந்தது அந்த இரும்புக் கை.

நாங்கள் அதைப் படித்த விதத்தையும் சொல்லவேண்டும். முதற்படிப்பில் சித்திரங்களை மட்டும் விழுங்குவோம். இரண்டாம் படிப்பில் குமிழிகளை எழுத்துக் கூட்டுவோம். ஒரு சொல் விளங்காவிட்டால் படத்தைப் பார்த்துப் பொருளை ஊகிப்போம். "எச்சரிக்கை", "தலைமறைவு", "சதி" என்பவை போன்ற சொற்கள் அகராதியின் உதவியின்றி எங்களுக்குச் சொந்தமாயின. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் அச்சான இதழ்களாதலால், லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்களையும் அவற்றிலேயே கற்றோம். தமிழ் வகுப்பே இல்லாத பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடமாக அந்த மெலிந்த புத்தகங்கள் விளங்கின.

1984-இல் சிவகாசியிலிருந்தே லயன் காமிக்ஸ் தோன்றியது; அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. லயன் காமிக்ஸ் வாயிலாக ஸ்பைடர் என்னும் ஒரு விபரீத நாயகன் எங்கள் மனத்தில் குடிபுகுந்தான். கூரிய காதுகள், கரிய உடை, வலையை வீசும் துப்பாக்கி; குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக வேண்டும் என்னும் பேராசை. இவனும் பின்னாளில் நல்லவர் பக்கம் சேர்ந்துகொண்டான். 1965-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இக்கதையின் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். இவர் யார் என்று கேட்டால் வியப்பு உண்டாகும். 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனை ஜோ ஷஸ்டர் என்னும் ஓவிய நண்பருடன் சேர்ந்து உருவாக்கியவர் இவரே. சீகல், அமெரிக்காவில் குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஷஸ்டரோ கனடாவில் பிறந்து அமெரிக்கா வந்தவர். அவர்கள் படைத்த வீரனும் பிறந்த உலகம் அழிந்தபின் வேறோர் உலகத்தில் வளர்ந்து, இரண்டு பெயர்களுடன் வாழ்பவன். வீட்டுக்கு ஒரு மொழி, வெளிக்கு ஒரு மொழி என்று வாழும் நமக்கு அந்த இரட்டை வாழ்வின் பொருள் எளிதில் விளங்கும்.

இனி ஸ்பைடர் மேனுக்கு வருவோம். ஸ்டான் லீ எழுதி, ஸ்டீவ் டிட்கோ வரைந்த இக்கதையும் 1962-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. மாயாவிக்கும் இவனுக்கும் ஒரே வயது. 1985-இல் தீக்கிரையாகும் வரையில் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்கள் குவிந்திருக்கும். அங்கே கிடைத்த ஆங்கில இதழ்கள் சிலவற்றின் வாயிலாக இவனை அறிந்தேன். பீட்டர் பார்க்கர் தாய்தந்தையற்ற ஏழைப் பையன், படிப்பில் கெட்டிக்காரன், பள்ளித் தோழர்களின் ஏளனத்துக்கு ஆளானவன். கதிரியக்கம் ஏறிய சிலந்தி ஒன்று அவனைக் கடிக்கிறது. சுவரில் ஏறவும் தாவவும் அபாயத்தை முன்னுணரவும் ஆற்றல் வருகிறது. ஆனால் வலை பின்னும் ஆற்றல் மட்டும் சிலந்தி தந்ததன்று. அதனை அவனே உண்டாக்குகிறான். தன் அறிவால் ஒரு பசையைக் கண்டுபிடித்து, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சிறு கருவியையும் தானே செய்துகொள்கிறான்.

2002-ஆம் ஆண்டில் சாம் ரெய்மி இயக்கத்தில் ஸ்பைடர் மேன் படம் வந்தது. இந்தியாவில் அது தமிழிலும் தெலுங்கிலும் குரல் மாற்றி வெளியிடப்பட்டது. எங்கள் பக்கத்தில் காணக் கிடைத்தது தெலுங்குப் பிரதி. தமிழில் கேட்கவேண்டும் என்னும் ஆசையால் ஒன்பது வயது மகனை அழைத்துக்கொண்டு வேலூருக்குச் சென்றேன். நியூயார்க் நகரத்து மாடங்களிடையே அவன் ஊசலாடி வந்தபோது கொட்டகை முழுவதும் ஆரவாரித்தது. நானும் ஆரவாரித்தேன். ஏட்டில் அசையாமல் நின்ற உருவம் கண்முன்னே காற்றைக் கிழித்துப் பறப்பதைக் கண்டால் எந்த ரசிகனுக்குத்தான் உடம்பு புல்லரிக்காது?

ஆனால் ஓரிடத்தில் என் கை ஆரவாரத்தை நிறுத்திக்கொண்டது. படத்தில் வலை அவன் மணிக்கட்டிலிருந்து தானே பீறிட்டு வருகிறது! கருவியும் இல்லை, பசையும் இல்லை, சிலந்தி கடித்ததும் அதுவும் உடன்வந்த வரமாகிவிட்டது. இந்த மாற்றத்தைக் குறித்து அமெரிக்க ரசிகர்கள் படம் வெளிவருவதற்கு முன்னரே பெரும் கிளர்ச்சி செய்தனர். பள்ளிச் சிறுவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் அத்தகைய அற்புதப் பசையைச் செய்தான் என்பதைக் காட்டிலும், அவன் உடம்பே அதனைச் சுரந்தது என்பதை மக்கள் எளிதில் நம்புவர் என்பது படம் எடுத்தோரின் சமாதானம்.

சமாதானத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு மணிநேரத்துக்குள் கதை சொல்லவேண்டிய இயக்குநர் ஒரே அற்புதத்தை நம்பும்படி கேட்கலாம். இரண்டாவது அற்புதத்தையும் கேட்டால் பார்ப்பவர் பின்வாங்கக்கூடும். எனினும் இழந்தது என்ன என்பதையும் கணக்கிட வேண்டும். ஏட்டில் சண்டையின் நடுவே பசை தீர்ந்துபோகும். பையன் திகைப்பான்; மாற்றுவழி தேடுவான். உடம்பிற்கு வந்த வலிமை விதியின் கொடை. கையால் செய்த கருவி அவனுடைய உழைப்பு. ஏழை வீட்டுப் பையன் தன் அறையில் அமர்ந்து தானே செய்தான் என்பதில்தான், உடைந்த வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த எங்களைப்போன்ற பிள்ளைகளுக்கு நம்பிக்கை இருந்தது. சிலந்தி நம்மைக் கடிக்கப்போவதில்லை; ஆனால் நாமும் ஏதேனும் செய்து பார்க்கலாம் அல்லவா? ரசிகனின் மனக்குறை அந்தச் சிறு கருவியைப் பற்றியதாகத் தோன்றினாலும், அடியில் இருப்பது இந்த நம்பிக்கையே.

இதனினும் ஆழமான மாற்றம் வேறொன்று உண்டு. ஏட்டுக் கதையில், ஆற்றல் பெற்ற பையன் தொலைக்காட்சியில் வித்தை காட்டிப் பணம் சேர்க்கத் தொடங்குகிறான். ஒருநாள் திருடன் ஒருவன் அவனைக் கடந்து ஓடுகிறான். காவலர் துரத்தி வருகிறார். பீட்டர் கையை நீட்டியிருந்தால் தடுத்திருக்கலாம்; நீட்டவில்லை. "எனக்கென்ன?" என்னும் செருக்கு. அதே திருடன் பின்னர் பீட்டரை வளர்த்த பென் என்னும் பெரியவரைக் கொன்றுவிடுகிறான். படத்திலோ, மல்யுத்தப் பந்தயம் நடத்துபவன் பேசிய பரிசுத் தொகையைக் கொடுக்காமல் பீட்டரை ஏமாற்றுகிறான். அதன்பின் அவன் பணத்தைத் திருடிக்கொண்டு ஒருவன் ஓடும்போது பீட்டர் பழிக்குப் பழியாக வழிவிடுகிறான். திரைப்படம் அவனுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டது. பார்ப்பவர் அவனை வெறுக்காமல் இருக்க அது உதவும். ஏட்டில் அவனுக்கு எந்தச் சாக்கும் இல்லை. காரணமின்றி, வெறும் அலட்சியத்தால் செய்த தவறு. அதன் பாரமும் அதற்கேற்பப் பெரிது. ஏடே இவ்விடத்தில் உயர்ந்தது என்பது என் கருத்து. ஆயினும் அந்தக் குற்ற உணர்ச்சியே வீரத்தின் வேர் என்பதைப் படமும் கைவிடவில்லை. வேர் இருக்கும் வரையில் கிளைகளை வெட்டியதற்காகத் தோட்டக்காரனை மன்னித்துவிடலாம்.

மற்றொரு நுட்பம் உண்டு. இதனைப் பலர் கவனிப்பதில்லை. வலிமை வந்தவனுக்குப் பொறுப்பும் கூடவே வருகிறது என்னும் கருத்து இக்கதையின் உயிர்நாடி. அதனைப் பென் சொன்னார் என்றே இன்று உலகம் நினைக்கிறது. 1962-இல் வெளிவந்த முதற்கதையில் அதனை எந்தப் பாத்திரமும் சொல்லவில்லை. இறுதிக் கட்டத்தில், பையன் தனியே நடந்துபோகும் சித்திரத்தின்மீது, கதையாசிரியரின் கூற்றாக அச்சிடப்பட்டிருக்கிறது. அதை வாசகன் தன் மனக்குரலில் தானே படித்துக்கொண்டான். 2002-ஆம் ஆண்டுப் படத்தில் அந்தக் கருத்து பெரியவரின் வாய்மொழியாயிற்று. எழுத்தாக இருந்தது குரலாக மாறிற்று. அந்தக் குரல் உருக்கமானது. அதனை நான் குறைகூறவில்லை. எனினும் ஏட்டுக்கும் திரைக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

தமிழில் அந்தக் குரலைக் கேட்டபோது வேறொரு சிந்தனையும் எழுந்தது. ஆங்கிலத்தில் தந்தையின் உடன்பிறந்தாரையும் தாயின் உடன்பிறந்தாரையும் ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறார்கள். நமக்கு அது இயலாது. பென், பீட்டருடைய தந்தையின் அண்ணன். எனவே நமது முறைப்படி அவர் பெரியப்பா. மாமன் மருமகனுக்குச் சொல்லும் அறிவுரைக்கும் பெரியப்பா மகனுக்குச் சொல்லும் அறிவுரைக்கும் தமிழ்க் காது வேறுபாடு காணும். தாய்தந்தையற்ற பிள்ளையைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் எடுத்து வளர்த்தார்கள் என்று சொன்ன மாத்திரத்தில், நியூயார்க்கில் நடக்கும் கதை நம் அடுத்த வீட்டுக் கதையாகிவிடுகிறது. உறவுச் சொல் ஒன்றே கதையை நம் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. தாய்மொழியில் ஒன்றைக் கேட்பதன் பயன் இதுவே.

அவ்வாறாயின் தமிழில் படம் கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் வெளிமாநிலத் தமிழர் சிறிது நின்று யோசிக்கவேண்டும். படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே வெள்ளை இடைவெளி ஒன்று இருக்கிறது. முதற்கட்டத்தில் ஓங்கிய கை, இரண்டாம் கட்டத்தில் விழுந்து கிடக்கும் பகைவன். இடையில் விழுந்த அடியை யார் கண்டார்? வாசகன் தன் மனத்தில் கண்டான். மாயாவியின் குரல் எப்படியிருக்கும் என்பதையும் அவனே தீர்மானித்தான். என் மாயாவி எங்கள் சித்தூர்த் தமிழின் தொனியில்தான் பேசினான். திரைப்படம் அந்த இடைவெளி முழுவதையும் தானே நிரப்பிவிடுகிறது. அசைவும் குரலும் இசையும் ஆயத்தமாக வருகின்றன. அதனால்தான் படித்தவர் திரையைக் கண்டதும் வழக்காடுகிறார். அவர் கதையின் வெறும் வாடிக்கைக்காரர் அல்லர். அந்த இடைவெளிகளில் உழுது பயிரிட்ட பங்காளி.

வேலூரிலிருந்து திரும்பிய இரவு, அந்தப் பையனுக்கு வலைக்கருவியைப் பற்றிய வழக்கை எடுத்துரைத்தேன். ஏட்டில் வேறுவிதமா என்று கேட்டான். அவனுக்கு விளங்கட்டும் என்று பெட்டியிலிருந்த லயன் காமிக்ஸ் ஒன்றை எடுத்து, வலைத்துப்பாக்கி ஏந்திய எங்கள் ஸ்பைடரைக் காட்டினேன். ஆவலுடன் வாங்கிப் பக்கங்களைப் புரட்டினான். பிறகு புத்தகத்தை என்னிடமே நீட்டி, "அப்பா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்" என்றான். இரண்டு மணிநேரம் தமிழில் சிரித்து, தமிழில் அஞ்சி, தமிழில் கைதட்டிய பிள்ளை அவன். ஒரு குமிழியிலுள்ள நான்கு சொற்கள் அவனுக்கு அடைத்த கதவாக இருந்தன. திரைப்படம் அவன் காதுக்குத் தமிழ் தந்தது, கண்ணுக்குத் தரவில்லை. அது தரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இரவில் ஒரு பக்கம். வீரனின் குமிழிகளை நான் படிப்பேன். பகைவனின் குமிழிகளை அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டும். பகைவன் சொல்லும் வார்த்தைகள் பெரும்பாலும் குறுகியவை, மிரட்டல்கள், கூச்சல்கள். தெலுங்கு எழுத்தை அறிந்த பிள்ளைக்கு உயிர்மெய் முறை புதிதன்று, உருவம்தான் புதிது. தெலுங்கில் நான்கு ககரங்கள் உண்டு, தமிழில் ஒன்றே போதும் என்று கண்டதும் அவனுக்கு உற்சாகம் மிகுந்தது. சில மாதங்களில் பகைவனின் பங்கோடு வீரனின் பங்கையும் அவனே எடுத்துக்கொண்டான். எனக்குக் கேட்கும் வேலை மட்டும் மிஞ்சியது.

ரசிகர்களின் வழக்கு பின்னர் எவ்வாறு முடிந்தது என்பதையும் கூறவேண்டும். 2007-இல் வந்த மூன்றாம் படத்தில், பெரியவரைக் கொன்றவன் வேறொருவன் என்று கதையை மாற்றினார்கள். திருடனைத் தடுக்காத பையனின் பழியே கதைக்கு ஆணிவேராயிருக்க, அதனையே அசைத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் மனம் கசந்தனர். இது நியாயமான கசப்பு. 2012-இல் புதிய நடிகருடன் கதை மீண்டும் தொடங்கியபோது மணிக்கட்டுக் கருவி திரும்பிவந்தது. 2021 டிசம்பரில் வெளிவந்த படத்தில், மூன்று காலத்து ஸ்பைடர் மேன்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றனர். முதல்வனுக்கு வலை உடம்பிலிருந்தே வருகிறது என்பதறிந்து மற்ற இருவரும் வியந்து கேள்விமேல் கேள்வி கேட்கின்றனர். ரசிகர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்திய வழக்கு திரைக்குள்ளேயே நகைச்சுவையாகப் புகுந்துவிட்டது. திண்ணையில் பெரியவர்கள் சொன்ன குறையை மறுநாள் கூத்தில் கட்டியங்காரன் எடுத்துச் சொல்லிச் சிரிக்கவைப்பதுபோல் இருந்தது அந்தக் காட்சி.

இடையே 2018-இல் சித்திரங்களாலேயே ஆக்கப்பட்ட ஒரு ஸ்பைடர் மேன் படம் வந்து, ஆஸ்கார் பரிசும் பெற்றது. அச்சுப் புள்ளிகள், கட்டங்கள், எழுத்துப் பெட்டிகள் முதலிய ஏட்டின் அடையாளங்களைத் திரையிலேயே அது காட்டிற்று. ஏட்டை மறைக்காமல், ஏட்டுக்கு வணக்கம் செலுத்திய படம் அது. அதன் தொடர்ச்சி 2023-இல் வந்தபோது இந்தியாவில் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் வெளியாயிற்று. அதில் பவித்ர பிரபாகர் என்னும் இந்தியச் சிலந்தி வீரனும் தோன்றுகிறான். இவனும் முதலில் ஏட்டில் பிறந்தவனே; 2004-இல் தொடங்கிய இந்தியப் பதிப்பொன்றின் நாயகன். திரை ஏட்டை மதித்தால் ரசிகரின் வழக்கு தானே தளர்ந்துபோகும் என்பதற்கு இப்படங்கள் சான்று.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கு இதிலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் பிள்ளைகள் வீரசாகசப் படங்களைத் தமிழ்க் குரலில் பார்ப்பதைத் தடுக்கவேண்டாம். அது காதுக்கு நல்ல விருந்து. ஆனால் படம் முடிந்ததும் பிள்ளையின் மனத்தில் எழும் ஆவல் ஒரு வாரம் வரையில் சூடாக இருக்கும். அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு தமிழ்ப் படக்கதையை அதன் கையில் கொடுத்துவிடுங்கள். முத்து காமிக்ஸ் 2022-இல் ஐம்பதாண்டு நிறைவுபெற்றது, லயனும் முத்துவும் இன்றும் சிவகாசியிலிருந்து வெளிவருகின்றன, அஞ்சலில் தருவித்துக்கொள்ளலாம். பாடப்புத்தகம் என்று சொல்லிக் கொடுக்கவேண்டாம்; பிழை திருத்தவும் அவசரப்பட வேண்டாம். அடுத்த கட்டத்தில் என்ன நடக்கிறது என்று அறியும் ஆசை, எழுத்தைத் தானே இழுத்துவரும்.

படக்கதை இலக்கியமாகுமா என்று சிலர் கேட்பர். ஏணியை யாரும் மாளிகை என்று சொல்வதில்லை. ஆனால் ஏணியின்றி மாளிகையின் மேல்மாடிக்குப் போனவரும் இல்லை. கரிய கூர்ங்காது ஸ்பைடரிடம் எழுத்தறிந்த பிள்ளை பின்னர் பாரதியிடமும் கல்கியிடமும் போகலாம், போகாமலும் இருக்கலாம். பாட்டியின் கடிதத்தைப் பிறர் உதவியின்றிப் படிக்கத் தெரிந்திருந்தால் அதுவே பெரும்பேறு. அப்படிப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருநாள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஏட்டில் இப்படி இல்லையே!" என்று உங்களிடம் வழக்குத் தொடுக்குமானால், மகிழ்ச்சியுடன் அந்த வழக்கைக் கேளுங்கள். அந்தப் பிள்ளை தமிழைப் படித்திருக்கிறது என்று பொருள்.